மூடியில் எழுதிய சொல்

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் மூடியிலிருந்து வந்தது. மூடியில் நான் எழுதிய வரி: “27ஆம் திகதி வெடிக்குமா?” ஆண்டு 1997. ஊர் கொழும்பு, எங்கே குண்டு வெடிக்குமோ என்று பயந்த காலம். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எழுதும்போது எனக்கு விளங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஐறீன் பங்கசுகளை நேசித்தாள்.’ (பொய். வெட்டுகிறேன். என்னோடு படித்த அவளுக்குப் பட்டம் வேண்டியிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: தாவரவியலைப் பாதியில் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனை பேக்கரியொன்றில் இரவு வேலை செய்கிறேன். பழைய பாணில் செம்மஞ்சள் பூஞ்சணமாகப் படரும் பங்கசு எனக்குப் பழக்கம். அதே இனத்தில் ஒரு புரதம் பழுதான வகையைத்தான் ஐறீன் ஆராய்ந்தாள். கலத்துக்குள் புடகங்களை, அதாவது பொருள் நிரம்பிய சிறு பைகளை, உரிய இடத்தில் சேர்க்கும் புரதம் அது. இரண்டு பால்வகைகள் கூடினால் கரிய குடங்கள் உருவாகும். முதிர்ந்ததும் வெடித்து, விதை போன்ற கரிய வித்திகளை மூடிவரை எறியும். புரதம் பழுதானாலும் குடம் வந்தது, 27ஆம் திகதி முதிர வேண்டும். வெடிக்குமா? அது அவளுடைய கேள்வி. அதை மூடியில் தமிழில் எழுதியது என் வீம்பு.

(அடிக்குறிப்பு: கலமும் சோதனைச்சாவடியும் ஒன்றுதான் என்று ஒரு பந்தி எழுதினேன். அழகாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

3

பல்கலைக்கழகம் மூடிக் கிடந்ததால் ஐறீனின் வெள்ளவத்தை வீட்டில் இருந்த பங்கசுக் கிண்ணத்தை, திறந்த அன்று காலை திருப்பிக் கொண்டுபோனோம். மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் அவளுடைய அண்ணன் ஒஸ்வால்ட். கிண்ணம் பின்னால் என் மடியில். காலி வீதிச் சோதனைச்சாவடியில் பொலிசார் மறித்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர் மூடியைப் பார்த்தார்.

“யாரு எழுதினது?”

என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். ஒஸ்வால்டின் அட்டையில் கொழும்பு.

“மம தமாய், சேர்,” என்றான் அவன். சிங்களத்தில், நான்தான் என்று.

நான் உடனே (இந்த வசனத்தைப் பதினொரு தடவை தொடங்கிவிட்டேன்.)

அவனையும் கிண்ணத்தையும் ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

4

முடிவு ஒன்று: சொல்லை மாற்றுகிறேன். ‘27ஆம் திகதி முதிருமா?’ ஒஸ்வால்ட் சாவடியைக் கடந்து போகிறான்.

ஐறீனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“விசரா உங்களுக்கு? கதையில மாத்தினா அண்ணா வீட்ட வருவாரோ?”

“இது ஒரு முடிவுதான்...”

“அவர் சிங்களத்தில படிச்சவர். தமிழில தன்ட பேரைக்கூட எழுதத் தெரியாது. இதைப் போய்ச் சொன்னா விட்டிருவாங்க.”

“பிறகு, எழுதினது ஆரெண்டு கேப்பாங்கள்.”

“ஓம்,” என்றாள்.

5

முடிவு இரண்டு: நாளை 27. பொலிஸ் நிலைய மேசையில் மூடியின் உட்புறம் கரும்புள்ளிகள் விழும், அல்லது விழாது. யாரும் பார்க்கப்போவதில்லை.

முடிவு மூன்றுக்கு நான் சட்டை போட வேண்டும். போட்டுவிட்டேன். பொலிசுக்கும் பேக்கரிக்கும் ஒரே பஸ். எங்கே இறங்குகிறேன் என்பதை நீங்கள் எழுதுங்கள்.

யார் எழுதினது என்று கேட்டால், நான்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.