உட்கார்ந்தால் இருபது, படுத்தால் ஐந்து

“முழங்காலை விட்றாதீங்க, நல்லா அழுத்துங்க” என்றாள் அடோமா.

ஐந்து வாரம் பிணவறைக் குளிரில் கிடந்த ஒபிரியின் கால்கள் மடங்க மறுத்தன. போகுவா தன் பாரம் முழுவதையும் தம்பியின் முழங்காலில் போட்டாள். பிணம் உடுத்துவதில் பெக்வாய் வட்டாரத்திலேயே பேர் போனவள் அடோமா. அவளுக்கே வியர்த்துவிட்டது.

“படுக்க வெச்சா அரை மணி வேலைக்கா. உங்க மாமா வாடகைக்கு எடுத்த பித்தளைக் கட்டில் வாசல்ல சும்மா நிக்குது.”

“நிக்கட்டும். என் தம்பி உட்கார்ந்துதான் இருப்பான்.”

அடோமா மறுபடி அந்த முழங்காலுக்குக் குனிந்தாள். செத்துப்போன தையல்காரியை மிஷின் முன்னால் உட்கார வைத்திருக்கிறாள், போதகரைக் கையில் புத்தகத்தோடு உட்கார வைத்திருக்கிறாள். வீட்டுப் பெண்கள் கேட்டபடி செய்துகொடுப்பதுதான் அவள் தொழில். உடுத்தும் அறைக்குள் ஆண்கள் தலைகாட்டக் கூடாது. குடும்பத் தலைவரான தாய்மாமனே ஆனாலும், ஊர் முகம் பார்க்கத் திரை விலகும்வரை வெளியேதான். இந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் போகுவா ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒபிரி. முதலில் கியர் போடும் கையில் வலு போனது, பிறகு கால், கடைசியில் நெஞ்சு. குமாசி நகரத்து டாக்டர் அவனை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்தால் இருபதுவரை எண்ணினான். வலப்பக்கம் ஒருக்களித்தால் பன்னிரண்டு. மல்லாத்தினால் ஐந்தோடு கண் பிதுங்கியது. “படுத்தா வயிறு மேல ஏறி நெஞ்சை அமுக்கும்மா. அதைத் தள்ள இவர் தசையில தெம்பு இல்ல. மல்லாக்க மட்டும் போட்டுடாதீங்க. வாயில எது குடுத்தாலும் உட்கார வெச்சே குடுங்க” என்றார். அன்றிலிருந்து ஒபிரிக்கு இரவும் பகலும் நாற்காலிதான். முதுகுக்கு மூன்று தலையணை, கழுத்துக்குச் சுருட்டிய துணி. ஒன்று சரிந்தாலும் போகுவாவுக்குத் தூக்கத்தில் விழிப்பு வந்துவிடும்.

தாய்மாமன் துவுமுக்கு அது அவமானமாக இருந்தது. “ஆம்பள கட்டில்ல தூங்குவான். கள்ளு குடிச்சவன்தான் நாற்காலில தூங்குவான்” என்பார், வரும்போதெல்லாம். டாக்டர் சொன்னதைப் போகுவா நாலு தடவை சொல்லியிருக்கிறாள். நாலு தடவையும் அவர் கையை வீசிவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை ஒபிரி அரைக் கிண்ணம் சோளக்கஞ்சி குடித்தான். மாவு மில்லுக்குக் கிளம்பியவளிடம், “மில்லுக்காரனைப் பார்த்து இளிச்சுக்கிட்டு நிக்காம சீக்கிரம் வா” என்று குழறிச் சிரித்தான். சாகப்போகிறவன் பேச்சா அது? அவள் திரும்பி வருவதற்குள் மாமா வந்திருந்தார், கூட இரண்டு பெரியவர்கள். தலை தொங்கி, வாய் திறந்து அசந்து தூங்கிய மருமகனைப் பார்த்ததும் உயிர் பிரிகிறது என்று முடிவு கட்டிவிட்டார். இவர்கள் வழக்கத்தில், உயிர் ஏறிப்போகும் மேடு நீளமானது, தாகத்தோடு ஒருவரையும் அனுப்பக்கூடாது. ஆகவே பாயில் மல்லாத்தினார். மூதாதையர் பெயர் சொல்லி வாயில் தண்ணீர் ஊற்றினார். அவன் கைகால் உதைத்தானா? உதைக்கத் தெம்பு ஏது!

மாவுக் கூடையோடு அவள் உள்ளே நுழைந்தபோது மாமா துண்டால் கை துடைத்துக்கொண்டிருந்தார். “கவலைப்படாத பொண்ணே. கடைசித் தண்ணி நானே குடுத்தேன். பூ மாதிரி போயிட்டான்” என்றார். அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் அவளுக்குத் தோன்றுகிறது.

திரை விலகியது. முற்றத்துப் பந்தலில் சிவப்பும் கறுப்பும் உடுத்திய சனம் எழுந்து வரிசையில் நின்றது. பாதிக் கொட்டோடு மேளம் நின்றது. ஒபிரி தன் பழைய நாற்காலியில், மூன்று தலையணைமேல் சாய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“என்னடி இது? கட்டிலை ஏன் எடுக்கல?” என்றார் மாமா, பல்லுக்குள்ளேயே.

“வேண்டாம்னுட்டேன் மாமா. அவனுக்குப் படுத்தா ஆகாது.”

வரிசையில் முதலாவதாக நின்றவள் அபெனா சிகா. நாற்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். “ஏம்மா ஆகாது?” என்று கேட்டாள்.

“மல்லாக்கப் போட்டா அஞ்சுக்கு மேல எண்ண மூச்சு வராது, அப்படிப் போடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார். மாமாவுக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கேன்.” போகுவா குரலை உயர்த்தவில்லை. “கடைசில நான் இல்ல. எப்படிப் போனான்னு மாமாதான் சொல்லணும். கூட இருந்தவர் அவர்தான்.”

தவளை தன் வாயால் கெடும். ஐந்து வாரமாக ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி மாமாவுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தார்: “நான் வந்தப்பவே உயிர் ஊசலாடுது. ஒரு நொடி தாமதிக்கல. பாயை விரிச்சு, நேரா மல்லாக்கப் படுக்க வெச்சு, தண்ணிய...”

அவர் கண் நாற்காலியின் மூன்று தலையணைமேல் விழுந்தது.

“மல்லாக்கவா வெச்சீங்க?” என்றாள் நர்ஸ். “அப்புறம் வாயில தண்ணியும் ஊத்துனீங்க?”

பின்னால் நின்ற யாரோ அதை அடுத்தவருக்குச் சொன்னார்கள். வரிசையின் கடைசிவரை அது போய்ச் சேருவதைப் போகுவா பார்த்துக்கொண்டே நின்றாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்று தம்பிக்காக வந்த எவரும் மாமாவின் கையைப் பிடித்துத் துக்கம் கேட்கவில்லை. குடும்பத் தலைவரின் அகலமான ஆசனத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பெரியவர்களும் எப்போதோ பந்தலின் அந்தக் கோடிக்கு நகர்ந்திருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. ஒபிரியின் இன்னொரு சகோதரியின் பிள்ளைகள் நாலு பேர் அவனைத் தூக்க முன்வந்தார்கள். போகுவா கை நீட்டித் தடுத்தாள்.

“மாமா” என்றாள், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. “நீங்களே வந்து படுக்க வையுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்.”

வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் எழுந்து வந்தார். நடையில் பத்து வயது கூடியிருந்தது. பையன்கள் காலையும் இடுப்பையும் பிடிக்க, அவர் தலையைத் தாங்கினார். உடல் மெல்ல நிமிர்ந்து பெட்டிக்குள் இறங்கியது. கால் படிந்தது, முதுகு படிந்தது. தலை மட்டும் படியவில்லை. மாமாவின் உள்ளங்கை அதன் அடியில் இருந்தது.

தச்சர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “கையை எடுங்கய்யா” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னார்.

மாமா குனிந்தபடியே தலையைத் திருப்பிப் போகுவாவைப் பார்த்தார். தானாக எடுத்தால் மறுபடி மல்லாத்தியதாகிவிடும்; எடுங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போகுவா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் சிவப்புத் துணியின் ஓரத்தை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தச்சர் மூடியைத் தரையில் இறக்கி வைத்தார்.