அல்மீரா டக்கரின் செங்கல் கேக்

1

எங்கள் ஓஹையோ ஊர் சர்ச்சின் ஆண்டு மலருக்கு, அமெரிக்கச் சமையல் புத்தகத்தின் முன்னோடி அல்மீரா டக்கரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். புகழத்தான் உட்கார்ந்தேன். நாலாவது வரியிலேயே, அவருக்கு கேக் குறிப்பு கொடுத்த ஹல்டா மெர்கல் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். பக்கம் கதையாகிவிட்டது. (மலருக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.)

2

"1896-ஆம் ஆண்டின் பொன்னான ஒரு காலைப் பொழுதில் அல்மீரா தன் கரண்டியை—"

வேண்டாம். அன்று மழை.

அதுவரை நாட்டுப் பெண்கள் கொஞ்சம் மாவு, கொஞ்சம் வெண்ணெய் என்று குத்துமதிப்பாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அல்மீராதான் கோப்பையில் மாவை அள்ளி, கத்தியால் மேலே வழித்து, இதுதான் அளவு என்றார். நாடே வழித்தது.

குறிப்புகள் மட்டும் சர்ச் பெண்களுடையவை. எங்கள் ஊரில் குறிப்பு கேட்டால் யாரும் மறுப்பதில்லை; மறுப்பது மரியாதை இல்லை. ஒரு பொருளை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். (இன்றும்தான். நானும் சாம்பார் குறிப்பைப் பெருங்காயம் இல்லாமல்தான் கொடுத்தேன். ஊர் வழக்கத்தை மீறலாமா?) ஹல்டா தன் இஞ்சி கேக் குறிப்பில், கேக்கை உப்ப வைக்கும் சமையல் சோடாவைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அல்மீரா அந்தக் குறிப்பை அரைக் கரண்டி பிசகாமல் அளந்து அச்சேற்றினார்.

முதல் பதிப்பில் கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன. இரண்டாவதில் இடம் போதவில்லை என்றார் பதிப்பாளர். அட்டையில் அல்மீராவின் படத்துக்கு இடம் கிடைத்தது. (அவருக்கு 'அவர்', ஹல்டாவுக்கு 'அவள்' என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா? அட்டைப்படம் செய்யும் வேலை.)

நாடெங்கும் கேக் செங்கல்லாக வந்தது. புத்தகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அடுப்பைத் திட்டினார்கள், மருமகளைத் திட்டினார்கள்.

3

மாவட்டச் சந்தை மேடையில் அல்மீரா அதே கேக்கைச் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் பதிப்பு அதை நம்பித்தான் இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தார். செங்கல். நேரே ஹல்டா வீட்டுக்குப் போனார்.

"ஏன்டி ஹல்டா, எதையாவது விட்டுட்டியா?"

"நானா? நீதான்டி என் பேரையே விட்டுட்ட."

"அது பதிப்பாளர் பண்ணுனது."

"அப்ப கேக் எப்படி உப்பும்னும் அவரையே கேளு. இல்லேன்னா மேடையில 'இது ஹல்டாவோட கேக்'னு ஒரு வார்த்தை சொல்லு, நானே ஏறி வந்து செஞ்சு தர்றேன்."

[இங்கே அல்மீராவின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் போராடவில்லை. வண்டி ஏறிப் போய்விட்டார்.]

4

முதல் முடிவு: மேடையில் கேக் தட்டையாக வர, கூட்டம் சிரிக்க—

அது என் ஆசை. கேக் தட்டையாகத்தான் வந்தது; யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் பூரித்துப்போனார்கள்.

"பாத்தியாடி! எங்க வீட்டுலயும் அச்சு அசலா இப்படித்தான் வருது!"

கைதட்டல் ஓயவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஹல்டாவுக்குப் பொறுக்கவில்லை. கூடையிலிருந்து தன் கேக்கை எடுத்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

"ருசி நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா புக்குல உள்ள மாதிரி வரலியே, பாவம். அளந்து போட்டீங்களா?"

ஹல்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் விடுவதாக இல்லை. இன்னொரு துண்டை மேடைக்கு நீட்டினாள்.

"அம்மா, இதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க!"

அல்மீரா வாங்கி வாயில் போட்டார். கூட்டம் அடங்கியது. ஹல்டா எழுந்து நின்றாள்.

5

இதற்குமேல் இன்னும் இரண்டு முடிவுகள் எழுதினேன். அல்மீராவை நல்லவராக்கினால் சர்ச்சுக்குத் திருப்தி, கெட்டவராக்கினால் எனக்குத் திருப்தி. ஹல்டாவுக்கு வேண்டியது அவள் பெயர். அதை அல்மீராவின் வாயால் வரவைக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் மென்றுகொண்டிருக்கிறார். விழுங்குவதற்குள் நீங்கள் ஏதாவது செய்யுங்கள்.