கேட்டுக்கு வெளியே கேப்டன்

பிரார்த்தனை மாநாட்டுக்குக் கிளம்பும் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுவிட்டாள் நர்ஸ். பஸ்ஸை ஏற்பாடு செய்த அவளுடைய சொந்தத் தம்பிக்கு மட்டும் போட முடியவில்லை.

தெருவில் அவனுக்குக் கேப்டன் என்று பெயர். கல்யாணமோ கால்பந்துப் போட்டியோ, ஆள் சேர்த்து பஸ் பிடித்துக் கிளப்புவது அவன்தான். இந்த முறை லட்சக்கணக்கானவர்கள் கூடும் மாநாடு. ஒரே கொட்டகையில் நெருக்கியடித்துப் படுக்கை. ஒருவர் தும்மினால் ஒரு வரிசைக்கே போய்ச் சேரும். ஊசி போடாமல் யாரும் ஏறக் கூடாது என்று அக்கா சொன்னதை அவனே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சுகாதார நிலையத்தில் வரிசையையும் ஒழுங்குபடுத்தினான். தன் முறை வந்தபோது ஆளைக் காணோம்.

"எங்கடா போனே?"

"டிரைவருக்கு டீ வாங்கப் போனேன்க்கா. நாளைக்கு வந்து போட்டுக்கறேன்."

நாளைக்கு டயர் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் வேறொன்று. கடைசியில், "எனக்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு" என்றான்.

"நான் என்ன உன் செரிமானத்துக்கா ஊசி போடறேன்?"

அவனுக்காக அவள் அவ்வளவு கவலைப்படவில்லை. கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். மாற்றியதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அமுக்கி வைத்திருந்தன. அவருக்குப் போடும் ஊசியும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் போகிற காய்ச்சல் அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

மாநாடு முடிந்து பஸ் தெருமுனைக்கு வந்தபோது ஹாரனைவிட இருமல்தான் பலமாகக் கேட்டது. கேப்டன் கண் சிவந்து, குரல் கம்மி, தோளில் பையோடு வந்தான். அவள் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்பக்கம் நின்றாள்.

"திறக்கா. உடம்பெல்லாம் வலிக்குது."

"வலிக்கும். தெருப்பக்கம் இருக்கிற படி வழியா மாடி ரூமுக்குப் போ. சாப்பாடு படியில வைக்கிறேன்."

அம்மா பின்னாலிருந்து வந்துவிட்டாள். "கூடப் பிறந்தவனை வாசல்ல நிக்க வைக்கிறியே, இது நல்லா இருக்கா?"

"அப்பாவை ஐசியூவில படுக்க வச்சா நல்லா இருக்குமாம்மா?"

ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா கத்தினார்: "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். மெதுவாப் பேசுங்க!"

அவன் முனகிக்கொண்டே மாடிக்குப் போனான். போனவன் படுத்தானா? கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே ஜன்னலோரம் இருந்த அப்பாவுக்கு மாநாட்டுக் கதையை ஒன்று விடாமல் சொன்னான். இருமலுக்கு நடுவே கதையா, கதைக்கு நடுவே இருமலா என்று தெருவுக்கே சந்தேகம்.

மறுநாள் காலை பஸ்ஸில் போன கூட்டம் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டது. வரும்போது எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இருமல் வந்ததும், மூச்சு முட்டுகிறது என்று அதைக் கீழே இறக்கிவிட்டு அவள் முகத்துக்கு நேரே இருமினார்கள்.

"ஊசி போட்டும் ஏம்மா வந்துச்சு?"

"வரலாம்ங்க. ஆனா முத்திப் போகாம காப்பாத்தும்."

"அப்போ ஊசி வேஸ்ட்டுதானே?"

இதையே ஆளுக்கு ஆள் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசிப் பேசி வந்த வலி என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து குளித்தாள். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாடியில் இருக்கிறவனைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த சில நாட்களில் அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த டாக்டர், மாநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இருக்கும் அதே காய்ச்சல்தான் என்றார். கம்மிய குரலில் கேள்வி கேட்ட மகளையும் சோதித்தார். அவளுக்கும் அதுதான்.

அம்மா வராந்தாவில் வைத்தே கேட்டாள்: "அவனுக்குக் கேட்டைப் பூட்டினே, சரி. தினமும் அந்தக் கூட்டத்துக்குள்ள போயிட்டு வந்த உனக்கு யாரு பூட்டறது?"

தன்மேல் வந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரியில் தங்கினாள். அப்பா திரும்பி வரும்போது கீழ்வீட்டில் கிருமி இருக்கக் கூடாது என்று நர்ஸ் மாடிப்படி ஏறினாள்.

கேப்டன் கதவைத் திறந்தான். குத்திக் காட்ட வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனான். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. பார்க்கலாம்" என்றவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். அவன் தன் பாயைச் சுருட்டி மூலைக்கு நகர்த்திவிட்டு, ஃபேன் காற்று படும் இடத்தை அவளுக்கு விட்டான். மறுநாள், அவன் குறட்டை விட்டதற்கும் அவள் விடியற்காலையில் எழுப்பியதற்கும் சேர்த்து இருவரும் நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டிவந்தது. பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை என்றார்கள். மெலிந்துபோய், மாஸ்க்கோடு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். மாடியில் கைப்பிடிச் சுவரோரம் இருவரும் நின்றார்கள்.

"அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருங்க. கீழே அமைதியா இருக்கும்."

கேப்டன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. "முழங்கையை வச்சு மூடுடா" என்று எரிந்து விழுந்தபடியே அவன் முதுகில் தட்டினாள் அக்கா.