நெம்புகோல் எவ்வளவு திரும்பும்

"நெம்புகோல் எவ்வளவு திரும்பும்?"

"பாதி திரும்பும், மேடம்."

போன வாரம் அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஃபிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது; அன்றிலிருந்து தன் மனைவியை அவன் மேடம் என்றுதான் அழைக்கிறான். எதில் பாதி என்று அவள் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. அரை வட்டத்தில் பாதி, அதாவது கால் வட்டம் என்று தானாகவே வைத்துக்கொண்டு, நெம்புகோலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையை அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தாள்.

இன்று காலை, அவள் வேலை பார்க்கும் வரைபட அறைக்கு அவன் வரைந்து அனுப்பிய படத்தை விரித்தாள். பெட்டிகளைத் தள்ளுவதற்காக இடுப்பு உயரத்தில் பூட்டிய இரும்பு நெம்புகோல், இடது சுவரைப் பார்த்து நின்றது. அது போய் மோத வேண்டிய அந்த ரப்பர் கட்டை வலது கோடியில் இருந்தது. அரை வட்டம்.

ஒரு காகிதத்தில் மறுபடி கணக்குப் போட்டாள். மோட்டாரின் முறுக்குவிசை நானூறு நியூட்டன் மீட்டர். அதைத் திரும்பும் கோணத்தால் பெருக்கினால் வேலை. கால் வட்டத்துக்கு ரேடியனில் 1.57, வேலை 628 ஜூல். அரை வட்டத்துக்கு 3.14, வேலை 1256. கட்டை தாங்குவதோ எண்ணூறு ஜூல். முதல் ஓட்டத்தில் கட்டை அசைகிறதா என்று பார்க்க, ஃபிட்டர் அதன் பின்னால்தான் நிற்பான்.

பத்து மணிக்குச் சோதனை. இன்னும் இரண்டு நிமிடம். பட்டறைக்குள் போன் கூடாது.

ஓடினாள். படியில் ஒரு செருப்பு கழன்றது. மோட்டார் உறுமத் தொடங்கியது கேட்டது. கதவோரம் இருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் இழுத்தாள்.

நெம்புகோல் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது.

"என்னம்மா, வீட்டுச் சண்டைக்கு மெஷினை நிறுத்துறதா?" என்றார் சூப்பர்வைசர்.

அவள் கணக்குப் போட்ட காகிதத்தை ஃபிட்டரிடம் நீட்டினாள். அவன் படித்தான். கட்டையைப் பார்த்தான். பிறகு தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான்.

"தப்பு என்னோடதுதான். உங்ககிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றாள்.

"நானும் வெடுக்குன்னுதானே சொன்னேன்." காகிதம் அவன் விரல்களில் படபடத்தது. "வேற கட்டை போட்டுக்கலாம். நீ ஏன் இப்படி நடுங்குற?"

பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அவள் கண்ணாடி முன்னால் மட்டும் சொல்லிப் பார்த்த வார்த்தை.

"வீட்டுக்கு வந்துடுங்க."