நாரிஸ் பாடிய மாடி

பக்கவாதம் வந்து நாரிஸின் பேச்சுப் போனபோது ஒரே ஒரு சொல் மிஞ்சியது: செவ்வாய்க்கிழமை. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் காலமெல்லாம் பஸ் ஓட்டி, ஏறுகிறவர்களிடமெல்லாம் வம்பளந்த மனிதர் அவர்.

அவர் மனைவி டோரீன்தான் அவரை எங்கள் பாட்டுக் குழுவுக்கு இழுத்து வந்தாள். ஆற்றோரத்தில் பாழடைந்து கிடந்த கம்பளி ஆலையை ஊர்க்காரர்களே சேர்ந்து பழுதுபார்த்துக் கலைக்கூடமாக்கியிருந்தோம். கீழே மண்பாண்ட வகுப்பு, மாடியில் பாட்டு. பியானோ வாசிப்பது நான்.

"அவரு பாடலன்னாலும் பரவால்ல ஜோசி. வீட்டுல செவத்தப் பாக்கறதுக்கு பதிலா இங்க வந்து உங்க மூஞ்சியப் பாக்கட்டும்" என்றாள் டோரீன்.

முதல் நாளே, இரண்டாவது சரணத்தில் நாரிஸ் வாய் திறந்தார். ஒரு சொல் குறையாமல் மீதிப் பாட்டு முழுசாக வந்தது. டோரீன் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. குளிக்கும்போதுகூட இந்த ஆள் பாடினதில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அதன்பின் வாராவாரம் வந்தார்கள். ஒருமுறை பாட்டில் வரும் பெண்ணின் பெயரை மாற்றி, டோரீன் என்று பாடினார். குழுவே சிரித்தது. அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஆறு ஆலைக்குள் வந்தது. முன்பும் வந்திருக்கிறது, சேற்றை வாரிக் கொட்டிவிட்டுத் திறந்திருக்கிறோம். இந்த முறை அடித்தளம் அரிபட்டுத் தூண்கள் நகர்ந்துவிட்டன. இனி யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் பொறியாளர். கூட்டம் போட்டோம். கைவிடுவோம் என்று தலைவர் சொன்னபோது எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான்.

சர்ச் கூடத்தில் பாட்டைத் தொடர்ந்தோம். நாரிஸ் கதவோரம் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பிடித்ததையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். வீட்டில் டோரீன் கெஞ்சியும் பார்த்தாள்.

கடைசியில் ஆலைக்கே கூட்டிப்போவோம் என்றாள். நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பி வேலிக்கு அப்பால் ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். நாரிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடியையே பார்த்தார். டோரீன் மெதுவாக அந்தப் பாட்டை எடுத்தாள். அவளுக்குச் சுருதி சேராது. தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்து அவள் வாயைப் பொத்தினார். முரட்டுத்தனமாக இல்லை. பொத்தியபடியே நின்றார்.

"சரிங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் அவள், அந்தக் கைக்குள்ளிருந்தே.

வசந்தத்துக்குள் குழுவும் கலைந்தது. அதன்பின் டோரீனை ஒருநாள் கறிக்கடை வரிசையில் பார்த்தேன். நாரிஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமையும் நின்றுவிட்டதாம், பகலெல்லாம் தூக்கமாம்.

"பேச்சு போனது பழகிப்போயிருந்துச்சுடி" என்றாள். "நடுவுல அவர் கொரலக் கேக்காம இருந்திருந்தா, அப்படியே இருந்திருப்பேன்."

கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். ஈரல் இருக்கிறதா என்று கேட்டபடி அவள் முன்னால் நகர்ந்தாள்.