அந்தக் காட்சியில் எத்தனை பேர்

மேஜை மேல் ஒரு கைபேசி கிடக்கிறது. அதில் ஓர் அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், இதை எப்படித் தெரியவைப்பது?

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். மைக்கு அதோடு ஒன்பது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மைக்கு என்பது அவளுடைய நிஜப் பெயரல்ல. நாடகக் குழுவில் ஒலி அவள் பொறுப்பு. கழுத்தில் மாலை போட்டதுபோல எந்நேரமும் ஹெட்போன் தொங்கும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருப்பாள்.

நாடகம் பழைய ஆங்கில நாடகம். எழுதியவர் போய்ச் சேர்ந்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கதை இதுதான்: ஒரு கம்பளி வியாபாரிக்குத் தன் மனைவியும் தம்பியும் முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்கிறார்கள் என்று சந்தேகம். வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, கூடத்துத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். துரோகத்தை எதிர்பார்த்து நிற்கிறவன் காதில் விழுவது வேறு. அவனுக்கு மறதி வந்துவிட்டது. வைத்த பொருள் நினைவில்லை, சொன்னதையே மறுபடி சொல்கிறான். அவன் செய்கிற தவறுகளை மற்றவர்கள் கண்ணில் படாமல் அந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை அக்கா இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தாள். மைக்குவின் சொந்த அக்கா; குழுவின் இயக்குநர். கம்பளி வியாபாரி, கார் ஓட்டப் பழக்கும் பள்ளியின் முதலாளி ஆனான். காரணம் எளிது. அந்த வேடம் போடும் மாமா, அதாவது அக்காவின் கணவர், நிஜத்திலேயே கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பாவனைக்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம்.

இடித்தது திரைதான். "இப்ப இருக்கிற வீட்டுல ஆள் ஒளிஞ்சுக்கிற அளவுக்குத் திரை எங்க இருக்கு?" என்று அக்கா தலையைப் பிடித்துக்கொண்டபோது, "அதான் போன் இருக்கே" என்று மைக்குதான் சொன்னாள். கணவன் வழியிலிருந்து கூப்பிடுகிறான்; மனைவி பேசிவிட்டு, அழைப்பைத் துண்டிக்க மறந்து, போனை மேஜையில் வைத்துவிடுகிறாள். அக்கா அந்த இடத்திலேயே தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாடகம் முழுவதையும் அந்த ஒரு வரியின் மேல் கட்டினாள்.

அரங்க மேனேஜர் சுற்றி வளைக்காத மனிதர். "திரை வச்சு இந்த நாடகத்த என் மேடையில மூணு குழு போட்டாச்சும்மா. புதுசா இருக்கணும், புரியவும் செய்யணும். சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வந்து பாக்குறேன். புரிஞ்சா ரெண்டு வாரம் உங்களுக்கு. இல்லன்னா மன்னிச்சுக்கங்க."

அக்காவுக்கு இவ்வளவு பெரிய அரங்கு கிடைப்பது இதுதான் முதல் தடவை. நழுவினால், திரையைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரே ஒரு காட்சி; அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வரி அக்காவின் ஆறு மாத உழைப்பைக் கவிழ்த்துவிடுமோ என்ற நினைப்பில் மைக்குவுக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆறாவது வரிசையில், நடைவழி ஓரம் இருக்கும் இருக்கைக்குத் 'தெரியாதவர் நாற்காலி' என்று பெயர். ஒவ்வொரு ஒத்திகைக்கும் கதை தெரியாத ஒருவரைப் பிடித்து அதில் உட்காரவைப்பார்கள். இந்தக் காட்சி முடிந்ததும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "இதுல எத்தனை பேர் இருந்தாங்க?" மூன்று என்று சொன்னால் ஒளிந்திருப்பவனும் கணக்கில் வந்துவிட்டான் என்று அர்த்தம். இரண்டு என்றால் காட்சி செத்தது. ஏனென்றால், மூன்றாவது ஆள் கேட்கிறான் என்று தெரிந்தால்தான் மேடையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் வரும். தெரியாவிட்டால் அது வெறும் வீட்டுப் பேச்சு.

பழைய நாடகத்தில் இந்த வேலையைக் காலணிகள் செய்தன. திரைக்குக் கீழே இரண்டு நுனிகள் எட்டிப் பார்க்கும். பார்ப்பவர்கள் அவனை ஒரு நொடியும் மறக்க மாட்டார்கள். போனுக்கு ஏது காலணி?

முதலில் கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆறாவது வரிசைக்கே அது மின்மினி. அன்றைக்கு வந்த தையல்கடைக்காரம்மா, "ரெண்டு பேரு. அந்தப் பொண்ணோட ரவிக்கை தோள்பட்டையில இழுக்குது, குடுத்தா சரி பண்ணித் தரேன்" என்றார். பிறகு கைபேசித் திரையைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் நடிகர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ரெண்டு பேரு, ஒரு டிவி" என்றார். மேஜைக்குள் சிவப்பு விளக்கு வைத்த அன்று வந்தவர் பூட்டு ரிப்பேர்காரர். "ரெண்டு பேரு. மேஜையில ஏதோ கரண்ட் கோளாறு இருக்கு, பாத்துக்கங்க."

செவ்வாய்க்கிழமை மைக்கு தன் துறைக்கே வந்தாள். கடைசி வரிசைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, மேடைப் பேச்சை ஒயர் வழியாக அதற்கு அனுப்பினாள். மறுமுனையில் கேட்கிறது என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது? வங்கிக் காவலாளி சந்தோஷமாக எழுந்தார். "ரெண்டு பேருதான். ஆனா நல்லா சத்தமா கேட்டுச்சு."

ஒருவரை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். கதை தெரிந்துவிட்டால் அவர் தெரியாதவர் இல்லை. தெருவில் ஆட்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள்.

"இனிமே பக்கத்து ஊருலேருந்துதான் ஆள் எறக்கணும்" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. தங்கை பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மைக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். வரலன்னா திரையை மாட்டிடலாம். உன்மேல ஒண்ணும் இல்லடி" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் மைக்குவைக் குத்தியது.

வியாழக்கிழமை மதியம் பார்சல் கொண்டுவந்த கூரியர்காரரை மடக்கி உட்காரவைத்தார்கள். பத்து நிமிஷம்தான் என்று சொன்னதால் அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

இந்தக் காட்சியின்போது மாமா வழக்கமாக ஒப்பனை அறையில் இருப்பார். "கேக்காம கேட்ட மாதிரி நடிக்க எனக்கு வராது" என்று அடம்பிடித்து, மேடைக் கைபேசிக்கு நிஜமாகவே அழைப்புப் போட்டு, இயர்போனில் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு அந்த அறையில் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நெடி தாங்காமல் மாமா யாரிடமும் சொல்லாமல் கடைசி வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். இயர்போன் ஒயர் அறுந்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மேடையில் மனைவி வேடத்தில் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக ஒத்திகைக்கு வருபவள். தம்பி வேடத்தில் வக்கீல்.

"நேத்தும் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டாரு" என்றாள் நர்ஸ்.

கண் இமைக்கிற நேரம் கழித்து, அரங்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெலிந்த குரல் அதையே சொன்னது. "...ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டாரு."

மைக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஒலிக்காரருக்கும் இது அசிங்கம். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். ஆறாவது வரிசையில் அந்த ஹெல்மெட் மெதுவாகப் பின்னால் திரும்பியது. மேடையைப் பார்த்தது. மறுபடி திரும்பியது. இந்தத் தடவை முன்னால் வர மனமில்லாமல் வந்தது.

தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

"எத்தனை பேர் இருந்தாங்க?" என்று அக்கா கேட்டாள். நம்பிக்கையே இல்லாத குரல்.

"மூணு" என்றார் கூரியர்காரர். "ரெண்டு பேரு மேல பேசுறாங்க. வீட்டுக்காரரு பின்னாடி போனுல கேட்டுட்டு இருக்காரு. பாவம், அந்தம்மாவுக்குத் தெரியல. நான் சொல்லிடலாமான்னுகூட நெனச்சேன்."

"சாரிப்பா, இயர்போன் அறுந்துபோச்சு" என்று மாமா எழுந்தார்.

"மாமா, அசையாதீங்க!" என்று மைக்கு கத்தினாள்.

செவ்வாய்க்கிழமையும் பின்னால் ஸ்பீக்கர்தான், இன்றைக்கும் பின்னால் ஸ்பீக்கர்தான். அன்று ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? மைக்கு அக்காவைத் தெரியாதவர் நாற்காலிக்கு இழுத்துப்போய்க் கண்ணை மூடச் சொன்னாள். தன் மேஜையில், குரலைத் தாமதப்படுத்தி அனுப்பும் பெட்டியை அந்த ஒயரோடு சேர்த்தாள். நர்ஸை மேடையில் நிறுத்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

"எப்ப ரெண்டு குரலாக் கேக்குதோ, அப்ப கையைத் தூக்கு."

"எனக்குப் பசிக்குதுடி."

"தூக்குனா சோறு."

தாமதமே இல்லாமல் விட்டாள். அக்காவின் கை அசையவில்லை. நொடியில் நூற்றில் இரண்டு பங்கு வைத்தாள். அப்போதும் ஒரே குரல். ஐந்து பங்கு. "ஒண்ணுதான், ஆனா கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. பத்துப் பங்கில் கை பாதி எழுந்தது. முப்பது வைத்தபோது, கண்ணை மூடியிருந்தவள் கையைத் தூக்க மறந்து கழுத்தையே பின்னால் திருப்பிவிட்டாள்.

"பாத்தியா!" மைக்கு குதித்தாள். "காது முதல்ல வர்ற சத்தத்தை நம்பும். ரெண்டாவது அதை ஒட்டியே வந்தா ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிடும், அந்த ஒண்ணும் மேடையிலேருந்து வர்றதாத்தான் தோணும். செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்துச்சு. தள்ளி வந்தாத்தான் இது வேற, இது பின்னாடின்னு பிரிக்கும். போன்ல குரல் துண்டுதுண்டாகி, டவர் ஏறி, சுத்திட்டு வரணும்ல? அந்தச் சுணக்கம்தான் நம்ம ஆளு. இத்தனை நாளா நான் தொரத்தி அடிச்ச கோளாறு!"

"போன் பேசுறப்ப எல்லாரும் கேட்ட சத்தம்தானே அது" என்றார் வக்கீல். "அதான் கூரியர்காரருக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு."

"அப்ப நிஜ போனையே வச்சுக்கலாம்" என்றார் மாமா.

"வேணாம் மாமா. ஒருநாள் கொஞ்சம் முன்ன வரும், ஒருநாள் பின்ன வரும், ஒருநாள் கட்டாகும். ஒயருதான். பெட்டியில முப்பது."

மாலைக்குள் அடுத்த சிக்கல் முளைத்தது. காட்சி நெடுக எதிரொலித்தால் வசனம் புரியவில்லை. வக்கீலுக்கு நாக்குக் குழறியது. அதை மாமா தீர்த்தார். "ரெண்டு வரி போதும். அதுக்குள்ள எல்லாரும் திரும்பிடுவாங்க. நான் ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் போனைக் காதுல வச்சுக்கிறேன். அப்புறம் நான் கேக்குறது எனக்கு மட்டும்தானே?"

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க."

"ஸ்டீரிங் ஒண்ணு கொண்டுவந்து கையில வச்சுக்கட்டா? காருல இருக்கிற மாதிரி?"

"அதான் பாத்தேன்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் தெரியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரை வைத்த கதைதான் அவருக்குத் தெரியும். திரைக்குப் பதிலாக என்ன என்று யாரும் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்தே அக்காவின் முகம் வெளுத்தது.

நர்ஸ் போனில் பேசி முடித்து, அதை மேஜையில் வைத்தாள். மேனேஜர் அதைக் கவனிக்கவே இல்லை. "நேத்தும் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டாரு" என்றாள். மைக்குவின் விரல் பின்பக்க ஸ்பீக்கருக்கான குமிழை மெல்ல ஏற்றியது. பின்னாலிருந்து அந்த மெலிந்த குரல் வந்தது.

மேனேஜரின் கழுத்து திரும்பியது. கடைசி வரிசையில் மாமா போனை எடுத்து மெதுவாகக் காதில் வைத்துக்கொள்வதைப் பார்த்தார். அதற்குப் பிறகு மேடையில் பேசிய ஒவ்வொரு வரிக்கும், முன்னால் பார்த்தபடியே, அவர் தோள் மட்டும் லேசாகப் பின்னால் சாய்ந்தது. தம்பி, "அவருக்குத் தெரியவே கூடாது அண்ணி, நாம பாத்துக்கலாம்" என்று சொன்னபோது, கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன.

காட்சி முடிந்தது. அக்கா தங்கையைப் பார்த்தாள். மைக்குதான் கேட்டாள். "சார், இதுல எத்தனை பேர் இருந்தாங்க?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. பின்னாடி இருந்தவரு ஒரு வார்த்தை பேசல, அவரைத்தான் மறக்க முடியல." எழுந்துகொண்டார். "திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்கங்க. ஃப்ரிட்ஜுல வச்சிடாதீங்க."

எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தபோது, மைக்கு தன் மேஜையில் உட்கார்ந்து, நாளைக்கு வேறு யாராவது இந்த ஒலி மேஜையில் இருந்தாலும் தடுமாறக் கூடாது என்று, ஒலிக் குறிப்பேட்டில் எழுதினாள்: கடைசி வரிசை, மாமாவின் இருக்கைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர். மேடைக் குரல் ஒயர் வழியாக. நொடியில் நூற்றில் முப்பது பங்கு தாமதம். முதல் இரண்டு வரிக்கு மட்டும். மாமா போனைக் காதில் வைத்ததும் அணைக்கவும்.