அந்தப் பந்து போனதை எல்லோரும் பார்த்தோம்

புது மைதானத்துக்கு ராசியே இல்லை என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவள் நான்தானாம். ஒகுனோ அக்கா எங்கள் ஷியோமி ஊர் மீன் சந்தை முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வருஷம் ஊரில் யார்தான் சொல்லவில்லை? ஏப்ரல் மாதம் திறப்பு விழாவன்று கோயில் பூசாரி வந்து மந்திரம் சொல்லி, மூலைக்கு மூலை அரிசி மது தெளித்து, மேயர் நாடா வெட்டி, எல்லாம் முறைப்படி நடந்தது. எங்கள் ஊர் பேஸ்பால் அணியான நாரைகள் அன்றைக்கே படுதோல்வி அடைந்தார்கள். மறுநாளும் தோற்றார்கள். அதற்கு மறுநாள் மழையால் ஆட்டம் நடக்கவில்லை. அப்பாடா, இன்றைக்குத் தோற்கவில்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது.

கடலைத் தூர்த்துக் கட்டிய மைதானம் அது. நாற்காலிகளெல்லாம் வெள்ளை. பெயிண்ட் வாசனை கோடை முழுக்கப் போகவில்லை. சாயங்காலமானால் கடலிலிருந்து மூடுபனி எழுந்து, பூட்டாத வீட்டுக்குள் பூனை வருவதுபோல வேலியைத் தாண்டி உள்ளே வரும். முதலில் தூரத்து விளக்குகள் மங்கும். பிறகு ஸ்கோர் பலகை மறையும். நல்லதுதான், அதில் பார்க்க என்ன இருந்தது? அதன்பின் வெளிப்பக்கம் நிற்கும் எங்கள் ஆட்டக்காரர்கள் இடுப்புவரை கரைந்து போவார்கள். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும். பந்து மேலே போய் வெண்மைக்குள் காணாமல் போகும். மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக் கைகளை நீட்டியபடி நிற்பார்கள். பந்து அவர்களுக்குப் பின்னால் புல்லில் எங்கோ மெத்தென்று விழும். அதை எடுக்க ஓடுகிறவர்கள்கூடத் தூக்கத்தில் ஓடுகிறவர்கள்போலத் தெரிவார்கள்.

ஏழாவது இன்னிங்ஸ் வந்தால் எல்லோரும் பலூன் ஊதி மேலே விடுவது எங்கள் வழக்கம். அவை விசிலடித்துக்கொண்டு பனிக்குள் போகும். ஒன்றாவது திரும்பி விழுந்ததை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. தோற்றுக்கொண்டே பாடுவோம். ஆளுக்கு ஒரு பாட்டு இருக்கிறதே, யார் மட்டை எடுத்தாலும் அவருக்கான பாட்டைப் பாடியே ஆக வேண்டும். டிரம்பட் சத்தம் பனியில் நனைந்து மெதுவாக வரும். மடியில் சுட்ட கணவாய் ஆறிப் போயிருக்கும். நான் அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பேன். அந்தக் கோடை உண்மையிலேயே நடந்ததா என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும்.

நடந்தது. என் கணவர் கென்சாகு இசோபே அந்த அணியின் பிட்சர், பந்து வீசுகிறவர். வயது முப்பத்தேழு. சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய தகரக் கூரை மைதானத்தில் அவர் பந்து வீசும் மேட்டில் ஏறினால் எதிரணிக்காரன் தொண்டையைச் செருமிக்கொள்வான். புது மைதானத்தில் அவர் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. ஏறுவார், அடி வாங்குவார், தலைகுனிந்து இறங்குவார். வெளியூர் ஆட்டங்களுக்கு அவரை அழைத்துப் போவதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள் என்பதால் இங்கே மட்டும் வீசச் சொன்னார்கள்.

அப்போதெல்லாம் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கடல்காற்று பந்தைத் தூக்கிவிடுகிறது என்றார் கோச். பனிதான் காரணம் என்று பத்திரிகை எழுதியது. கடல் சாமியைக் கேட்காமல் தூர்த்தால் இப்படித்தான் ஆகும் என்றாள் ஒகுனோ அக்கா. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில் தோஷம் போக உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்துப் பார்த்தார்கள். உப்புதான் ஈரத்தில் கரைந்தது. நான் என் பங்குக்கு அந்த மைதானத்தை மேடு, வேலி, நாற்காலி ஒன்று விடாமல் தினமும் திட்டித் தீர்த்தேன். ஒருவரும் அவருடைய கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பரில் கிளப்காரர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பருவத்தின் கடைசி ஆட்டம் அவருடைய விடைபெறும் ஆட்டம் என்று முடிவானது. முதல் மட்டைக்காரர் ஒருவருக்கு மட்டும் வீசிவிட்டு இறங்கிவிட வேண்டும். இதில் ஒரு மரியாதை உண்டு. விடைபெறுகிற பிட்சரின் பந்தை எதிரணிக்காரர் அடிக்க மாட்டார். மூன்று முறை மட்டையைக் காற்றில் சுழற்றிவிட்டு, அவுட்டாகி, தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போவார். எல்லோரும் அழுவார்கள். நானே எத்தனை பேருக்கு அப்படி அழுதிருக்கிறேன்!

முடிவைச் சொன்ன அன்று மத்தியானம் அவர் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மிவாகோ, உண்மையைச் சொல்லு. என் கையா, மைதானமா?"

"மைதானம்தாங்க. இதுல என்ன சந்தேகம்?"

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க."

"எல்லாரும் சொன்னா அது உண்மையா இருக்கும்ல?"

"எல்லாரும் எங்கிட்ட அன்பா இருக்கீங்க. அதான் பயமா இருக்கு" என்றார். "இது தெரியாமலே இறங்கிட்டேன்னு வை, சாகுற வரைக்கும் அந்த மைதானத்தைத் திட்டிக்கிட்டே கிழவனாயிடுவேன். எனக்கு ஒரு பந்து போதும். ஒரே ஒரு பந்து, நிஜமா அடிக்கிறவனுக்கு நிஜமா போடணும்."

மிசோ சூப்பைச் சுடவைக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

எதிரணியில் நருமி என்று ஒருவன். பள்ளிக்கூட அணியில் இவருக்குப் பின்னால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். இப்போது லீகிலேயே பெரிய அடிக்காரன். பள்ளித் தம்பி கையால் விடைபெற்றால் அழகாக இருக்கும் என்று அவனையே முதலில் அனுப்ப ஏற்பாடு. இவர் அவனுக்குப் போன் போட்டார். சத்தமாக வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"நருமி, ஞாயித்துக்கிழமை சும்மா மட்டையைச் சுத்தாதே. அடி."

"அண்ணே, நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்ணே."

"டேய், நிஜமாத்தான் சொல்றேன்."

"புரியுதுண்ணே. கடைசி நேரத்துலகூட என் பேரு கெடக்கூடாதுன்னு பார்க்கறீங்க." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

"என்னத்தைப் பார்த்துக்குவே?"

"எல்லாத்தையும்ணே" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் யார் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்? விருந்தாளி தேநீர் வேண்டாம் என்றால் கோப்பையைக் கழுவப் போவோம். போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்போம். நருமி இதை நிருபர்களிடமும் சொல்லிவிட்டான். மறுநாள் பத்திரிகையில், போகும்போதும் இப்படி ஒரு பணிவா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இவர் கோச்சிடம் போய், பணிவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அவனை அடிக்கச் சொல்லுங்கள் என்றார். கோச் இவர் தோளைத் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். சொல்லச் சொல்ல இவர் இன்னும் பெரிய மகானாகிக்கொண்டே போனார்.

ஞாயிறு பகல் ஆட்டம். அன்றைக்கென்று பார்த்து ஒரு துளி பனி இல்லை. காற்றும் இல்லை. கொடிகளெல்லாம் கம்பத்தோடு ஒட்டித் தூங்கின. கடல் நீலமாகச் சத்தமில்லாமல் கிடந்தது. வெள்ளை நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தூரம்வரை தெரிந்தன. ஏப்ரலிலிருந்து வந்துபோன மைதானத்தை அன்றுதான் முழுசாகப் பார்க்கிறேன். பாவி, அழகாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு மட்டும் எப்படி இருக்கு பாரு, மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒகுனோ அக்கா. அப்போதே கைக்குட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்துவிட்டாள்.

அவர் மேட்டில் ஏறினார். எல்லோரும் எழுந்து நின்றோம். முதல் பந்து. நருமி பந்துக்கு ஒரு முழம் மேலே மட்டையைச் சுழற்றினான். பந்து கேட்சர் கைக்குப் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துச் சுழற்றினான் என்றுகூடச் சொல்லலாம். ஸ்ட்ரைக்! கைதட்டல் எழுந்தது. அக்கா தேம்ப ஆரம்பித்தாள். இரண்டாவது பந்துக்கு இன்னும் மோசம். சுழற்றிய வேகத்தில் தானே ஒரு சுற்று சுற்றி நின்றான். மட்டையைப் பிடித்திருந்த கையாலேயே கண்ணைத் துடைத்தான்.

இன்னும் ஒன்றுதான். அதோடு எல்லாம் முடிந்துவிடும். பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் கணவர் பந்தைக் கையில் வைத்தபடி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். போச்சு, இந்த மனுஷன் ஏதோ செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது பந்து நேராக நருமியின் மார்புக்குப் போனது. அவன் பதறிப் பின்னால் சாய்ந்து, மண்ணில் மல்லாந்து விழுந்தான்.

"ஐயையோ! என்னடி உன் புருஷன் இப்படிப் பண்றாரு?" என்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

கை தவறிப் பந்து அப்படிப் போனால் பிட்சர் உடனே தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும். இவர் தொப்பியைத் தொடவே இல்லை.

"அண்ணே!" என்றான் நருமி தரையிலிருந்து.

"நருமி! நான் இன்னும் போகலடா. இங்கதான் நிக்கிறேன்!"

அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்தக் குரல் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். நருமி எழுந்தான். வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். அவன் முகத்தில் அழுகை போய்விட்டிருந்தது. கோபம்தான் இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபமோ என்னவோ. காலை அகட்டி ஊன்றினான். மட்டையைத் தூக்கிப் பிடித்தான். என் கணவர் அதைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார்.

பிறகு வீசினார். அந்தக் காலும் இடுப்பும் தோளும் ஒன்றாக வந்ததைப் பார்த்தேன். பழைய மைதானத்தில் நான் பார்த்துச் சொக்கிப்போன அதே வீச்சு. கடவுளே, இது போதும், இது அவனைத் தாண்டிப் போகட்டும் என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டேன்.

டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பந்து மேலே போனது. அந்த வருஷம் எத்தனையோ பந்துகள் பனிக்குள் போய் மறைந்தன. இதை மட்டும் எல்லோரும் முழுக்கப் பார்த்தோம். நீல வானத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி, அவசரமில்லாமல், இறங்கவே மனமில்லாததுபோலப் போய்க்கொண்டே இருந்தது. வெளிப்பக்கம் நின்ற எங்கள் ஆள் இரண்டடி நடந்துவிட்டு நின்றுவிட்டான். காற்று அதைத் தூக்கவில்லை, தள்ளவும் இல்லை. வேலிக்கு அப்பால், ஆளில்லாத மேல்வரிசையில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது. ஹோம் ரன். யாரும் கைதட்டவில்லை.

நருமி தலையைத் தூக்காமல் நான்கு மூலையையும் சுற்றி ஓடி வந்தான். முடித்ததும் மேட்டைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தான். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் சிலர் நருமியைக் கூச்சலிட்டுத் திட்டினார்கள். அந்த ஒரு ரன்னில்தான் அன்றைக்கும் தோற்றோம். லீகில் கடைசி இடம்.

ஆட்டம் முடிந்து பூச்செண்டு, மைக், அணிக்காரர்கள் அவரை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது எல்லாம் ஆனபின், வண்டி நிறுத்துமிடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். பூவை என் கையில் திணித்தார்.

"சத்தத்தைக் கேட்டியா?"

"கேட்டுச்சு."

"நல்லாத்தான் போட்டேன். அதைவிட நல்லா எனக்குப் போட வராது."

"ஆமாங்க."

"பனி இல்ல. காத்து இல்ல."

ஏப்ரலிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை வாய்வரை வந்தது. நாற்காலி, வேலி, கடல் சாமி, எதையாவது இழுத்துப் போட்டிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைதாங்க" என்றேன். "உங்க கைதான். போன வருஷத்துலேர்ந்தே." சொல்லி முடிப்பதற்குள் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"அப்பாடா" என்றார். தோள் இரண்டும் இறங்கின. "ஒருத்தியாவது சொன்னியே."

என் அழுகை அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

"பாவம், ஒரு தப்பும் பண்ணாம இந்தக் கோடை முழுக்க ஏச்சு வாங்கியிருக்கு. வா, மன்னிப்புக் கேட்டுட்டுப் போவோம். நீதான் ஜாஸ்தி திட்டினே."

"நாற்காலி மட்டும் முதுகை ஒடிக்குது. அதை நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"சரி, நாற்காலியை விட்டுடு. மத்ததுக்குக் குனி."

குனிந்தோம். வாசலில் நின்ற வயதான காவல்காரர் தனக்குத்தான் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி அவரும் குனிந்தார். அவர் நிமிராமல் நாங்கள் எப்படி நிமிர்வது? நாங்கள் நிமிராமல் அவர் எப்படி நிமிர்வார்? பூவெல்லாம் என் கையில் கசங்க, மூன்று பேரும் வெகுநேரம் அப்படியே நின்றோம்.